செரண்டிப்பிட்டியும் சேரன் தீவும்

ஆங்கில மொழியில் விளையாட்டாகப் பிறந்து, பின்னர் அறிஞர் நாவிலும் ஏறி அமர்ந்துவிட்ட சொற்கள் சில உண்டு. அவற்றுள் செரண்டிப்பிட்டி என்பது ஒன்று. தேடாத நற்பொருள் ஒன்று வழியில் எதிர்ப்பட, அதன் அருமையை உடனே உணர்ந்து பற்றிக்கொள்ளும் திறம் என்று அதன் பொருளை ஒருவாறு உரைக்கலாம். 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் தம் ஆய்வுத் தட்டு ஒன்றில் பூஞ்சணம் படிந்திருக்கக் கண்டார். அதைச் சுற்றிலும் நோய்க்கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்டார். மற்றொருவராயின் தட்டு கெட்டுப்போயிற்று என்று கழுவி வைத்திருப்பார். பிளெமிங் அதனைக் கூர்ந்து நோக்கியதால் பெனிசிலின் உலகுக்குக் கிடைத்தது. இச்சொல்லை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்காட்டுவர்.

இச்சொல்லைக் கேட்டவுடன் தமிழர் சிலருக்குச் செவி குளிர்கிறது. 'செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர். அது சேரன் தீவு என்பதன் திரிபு. சேரன் ஆண்டமையால் வந்த பெயர் அது. அரபியர் நாவில் திரிந்து, ஐரோப்பாவுக்குச் சென்று, ஆங்கிலச் சொல்லாகி உலகெங்கும் உலவுகிறது. ஆகவே இந்த ஆங்கிலச் சொல்லின் தாய் தமிழ்' என்பது மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் அடிக்கடி எதிர்ப்படும் கூற்று. அவையோர் கைதட்டுகின்றனர். அடுத்த நாள் அது வகுப்பறைக்கும் வந்துவிடுகிறது. மேடையில் சொன்னது காற்றோடு போய்விடும். மாணவன் குறிப்பேட்டில் ஏறியது அவ்வளவு எளிதில் போகாது. ஆதலின் இக்கூற்று எவ்வளவு தாங்கும் என்று எடைபோட்டுப் பார்ப்பது தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகிறது.

வால்போலின் கடிதம்

சொல்லைப் படைத்தவர் யார், எந்த நாளில் படைத்தார் என்பவற்றில் ஐயம் சிறிதும் இல்லை. சொற்களின் வரலாற்றில் இத்தகைய தெளிவு அரிது. ஹோரேஸ் வால்போல் (1717–1797) இங்கிலாந்தின் முதல் தலைமை அமைச்சர் எனக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மகன். அரசியலில் தந்தையின் பெயரை எட்டவில்லை. கடிதம் எழுதுவதில் அவரை எட்டியவர் சிலரே. 'ஒட்ராண்டோ கோட்டை' என்னும் அச்சக்கதையை 1764ஆம் ஆண்டில் வெளியிட்டு, அவ்வகைக் கதைகளுக்கெல்லாம் முன்னோடியானார். புதுச்சொல் புனைவதில் அவருக்குத் தணியாத ஆசை உண்டு. பிளாரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் அரசின் தூதராக இருந்த நண்பர் ஹோரேஸ் மான் என்பவருக்கு 1754ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அவர் ஒரு கடிதம் எழுதினார். செரண்டிப்பிட்டி என்னும் சொல் முதன்முதலாக மையில் தோய்ந்தது அக்கடிதத்தில்தான்.

மான் அவருக்கு ஓர் ஓவியம் அனுப்பியிருந்தார். வெனிஸ் நகரத்தில் பிறந்து, டஸ்கனி நாட்டை ஆண்ட மெடிச்சிக் குடியின் பெருங்கோமகனை மணந்த பியாங்கா கப்பெல்லோ என்னும் அம்மையாரின் உருவம் அது. அதன் தொடர்பாக வெனிஸ் நகரக் குடிச்சின்னங்களைக் காட்டும் பழைய நூல் ஒன்றை வால்போல் புரட்டினார். கப்பெல்லோ குடியின் சின்னத்தில், மெடிச்சிக் குடியோடு கொண்ட உறவைக் காட்டும் குறி ஒன்று இருந்தது. அது கண்ணில் பட்ட மகிழ்ச்சியில், 'செரண்டிப்பிட்டி என்று சொல்லும் வகையை இது ஏறக்குறைய ஒத்தது' என்னும் கருத்துப்பட எழுதினார். உடனே, நண்பருக்குச் சொல் விளங்காதே என்று, விளக்கமும் சேர்த்தார். 'செரண்டிப் நாட்டு மூன்று இளவரசர்' என்னும் அசட்டுக் கதை ஒன்றை முன்னர்ப் படித்ததாகவும், அவ்விளவரசர்கள் வழிநெடுக, தாங்கள் தேடாத பொருள்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் கண்டறிந்துகொண்டே சென்றதாகவும் கூறினார். பாதையின் இடப்பக்கத்துப் புல் மட்டமாக இருந்தும் அதுவே மேயப்பட்டிருந்ததால், வலக்கண் குருடான கோவேறு கழுதை ஒன்று அவ்வழியே சென்றதென்று ஓர் இளவரசன் அறிந்தான் என்பது அவர் காட்டிய சான்று. தேடிய பொருளைக் கண்டால் அது இவ்வகையில் சேராது என்று ஒரு வரம்பும் கட்டினார்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். ஒன்று, வால்போல் தற்செயலை மட்டும் கூறவில்லை. மதிநுட்பத்தையும் அதனோடு இணைத்தே கூறினார். இரண்டு, அவர் காட்டிய சான்றுகள் அவர் வகுத்த வரம்புக்குள் நன்றாக அடங்கவில்லை. குடிச்சின்ன நூலை அவர் தாமே எடுத்துப் புரட்டினார். ஆகவே அதில் கண்டதை முற்றிலும் தேடாத பொருள் என்று சொல்வதற்கில்லை. 'ஏறக்குறைய' என்று அவர் எழுதியது அதனாலேயே போலும். மற்றொரு சான்றும் அக்கடிதத்தில் உண்டு. கிளாரண்டன் பிரபுவின் வீட்டு விருந்தில், அவர் மகளைப் பெற்ற தாயே மிகுந்த மரியாதையோடு நடத்தியதைக் கண்டு, அப்பெண் அரசகுடியில் யார்க் கோமகனுக்கு மனைவியாகிவிட்டாள் என்று ஷாப்ட்ஸ்பரி பிரபு ஊகித்தாராம். இதில் தற்செயல் எங்கே? உண்ணும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒருவரின் கூர்மைதான் இருக்கிறது. புதுச்சொல் படைத்த உற்சாகத்தில் வால்போல் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கவில்லை.

கதையில் உள்ளது என்ன?

அவர் அசட்டுக் கதை என்று தள்ளிய நூலின் வரலாறு அத்துணை அசட்டுத்தனமானதன்று. 1557ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் மிக்கேலே திரமெஸ்ஸீனோ என்பவர் இத்தாலிய மொழியில் அதனை அச்சிட்டார். பாரசீகத்திலிருந்து பெயர்த்தவர் ஆர்மீனியராகிய கிறிஸ்தோபோரோ என்று நூலின் முகப்புக் கூறியது. 1719இல் பிரெஞ்சு மொழியிலும், அதன் வழியாக 1722இல் ஆங்கிலத்திலும் அது வெளிவந்தது. கதையின் வேர், டில்லியில் வாழ்ந்த பெரும் புலவர் அமீர் குஸ்ரு 1302ஆம் ஆண்டளவில் பாரசீக மொழியில் பாடிய 'எட்டுச் சுவர்க்கம்' என்னும் காவியத்தில் உள்ளது. குஸ்ருவோ, அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் நிஜாமி பாடிய 'ஏழு அழகியர்' காவியத்தைப் பின்பற்றியவர். ஆக, இந்திய மண்ணில் பாரசீக மொழியில் வடிவம் பெற்று, இத்தாலிக்குச் சென்று, பிரெஞ்சு உடை அணிந்து, இங்கிலாந்துக்கு வந்த கதை அது.

இத்தாலிய நூலில் நிகழ்வதாவது: செரண்டிப் மன்னன் தன் மூன்று புதல்வரையும் சோதித்து, உலகியல் அறிந்து வருமாறு நாட்டை விட்டு அனுப்புகிறான். அவர்கள் பேராமோ என்னும் பேரரசனின் நாட்டை அடைகின்றனர். சாசானியப் பாரசீக மன்னன் பஹ்ராமே இத்தாலிய நாவில் பேராமோ ஆனவன். வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிர்ப்படுகிறான். 'உன் ஒட்டகம் ஒரு கண் குருடு அன்றோ? ஒரு பல் இல்லை அன்றோ? ஒரு கால் நொண்டி அன்றோ?' என்று மூவரும் வினவுகின்றனர். ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் ஏற்றியிருந்ததையும், கருவுற்ற பெண் ஒருத்தி அதன்மேல் சென்றதையும் கூடச் சொல்லிவிடுகின்றனர். பிறகு, 'நாங்கள் ஒட்டகத்தைப் பார்த்ததே இல்லை' என்றால் யார் நம்புவார்? கள்வர் என்று சிறையில் அடைக்கப்படுகின்றனர். ஒட்டகம் வேறிடத்தில் அகப்பட்ட பின்னரே விடுதலை. அதன் பின் அரசன் முன்னிலையில் ஒவ்வொன்றையும் விளக்குகின்றனர். பாதையின் ஒருபுறத்துப் புல் நன்றாக இருந்தும் தீண்டப்படாமல் இருந்தது. ஆகவே ஒரு கண் இல்லை. மென்று சிந்திய புல் ஒரு பல்லின் இடைவெளி அளவாகக் கிடந்தது. மூன்று அடிச்சுவடுகளும் ஓர் இழுத்த தடமும் இருந்தன. வெண்ணெய் சிந்திய பக்கம் எறும்பும் தேன் சிந்திய பக்கம் ஈயும் மொய்த்தன. பெண் இறங்கிய இடத்தில், எழுவதற்கு அவள் கையூன்றிய தடமும் பதிந்திருந்தது.

வால்போல் ஒட்டகத்தைக் கோவேறு கழுதை ஆக்கிவிட்டார் என்பது சிறு பிழை. படித்து நாளானால் எவருக்கும் நேரும். பெரும் பிழை வேறு. கதையில் அவ்விளவரசர் கண்டறிந்த பொருள் எதுவும் அவர்களுக்குப் பயன் தரவில்லை. பேச்சுத் திறமை சிறையில்தான் கொண்டுபோய்த் தள்ளியது. கிடைத்த நன்மையெல்லாம் பின்னர் அரசன் அவர்கள் அறிவை வியந்ததால் வந்தது. அன்றியும், அங்கு நிகழ்வது சுவடு கொண்டு பொருளை உணரும் அனுமானமேயன்றி எதிர்பாராப் பேறு அன்று. புகை கண்டு நெருப்புண்டென உணர்வது என்று தருக்க நூலார் காட்டும் முறையே இது. இக்கதையைச் சார்ந்து வால்த்தேர் தம் 'சாதிக்' என்னும் நூலில் நாயும் குதிரையும் தொலைந்த நிகழ்ச்சியை அமைத்தார். 1880ஆம் ஆண்டில் ஹக்ஸ்லி என்னும் விஞ்ஞானி, புதைபடிவங்களைக் கொண்டு அழிந்துபோன உயிரினங்களை அறியும் முறைக்குச் 'சாதிக்கின் முறை' என்றே பெயரிட்டுக் கட்டுரை எழுதினார். துப்பறியும் கதை எழுதுவோருக்கும் அதுவே வழி. இவ்வாறு ஒரே கதை ஓர் அறிஞர் கையில் அனுமானத்துக்குப் பெயராயிற்று. வால்போல் கையில் தற்செயலுக்குப் பெயராயிற்று. கதைக்கு நியாயம் செய்தவர் யார் என்று கேட்டால், வால்போல் அல்லர் என்றே விடை கூறவேண்டும்.

அவர் புனைந்த சொல் அவர் காலத்தில் பரவவுமில்லை. கடிதங்கள் 1833ஆம் ஆண்டில் அச்சேறும்வரை அது நண்பரின் பெட்டிக்குள் உறங்கிற்று. 1875இல் எட்வர்ட் சாலி என்பவர் புலவர் இதழ் ஒன்றில் அதனை எடுத்து எழுதினார். பின்னர்ப் பழஞ்சுவடி சேர்ப்போர் கையாண்டனர். இருபதாம் நூற்றாண்டில் விஞ்ஞானிகள் கையாண்டனர். ராபர்ட் மெர்ட்டன், எலினார் பார்பர் ஆகிய இருவர் இச்சொல்லின் வரலாற்றுக்கென்றே ஒரு முழு நூலை 1958ஆம் ஆண்டளவில் எழுதி முடித்து, வெளியிடாமல் வைத்திருந்தனர். இத்தாலிய மொழியில் 2002இலும் ஆங்கிலத்தில் 2004இலுமே அது வெளிவந்தது. ஒரு சொல்லுக்காக ஒரு நூல் எழுதுவது மேனாட்டாருக்கு வியப்பன்று.

சொல்லைத் தமிழில் பெயர்ப்போர் பெரும்பாலும் 'தற்செயல்' என்றோ 'எதிர்பாராத நல்வாய்ப்பு' என்றோ எழுதிவிடுகின்றனர். பாதிப் பொருள் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. பழமொழிகளைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது தற்செயல். காக்கைக்கு அதில் அறிவும் இல்லை, பயனும் இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பது நற்பேறு. ஆனால் அது தேடிய தெய்வம், ஆதலின் வால்போலின் வரம்புக்குப் புறம்பு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பதில் தேடாத பொருள் கிடைக்கிறது. கிடைத்தவன் ஓட்டம் பிடிக்கிறான். மூன்றும் அருகில் வந்து மூன்றும் தவறிவிடுகின்றன. வகுப்பில் இச்சொல்லை விளக்கும் ஆசிரியர் இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எதில் எது குறைகிறது என்று மாணவரைக் கேட்டால், அகராதிப் பொருளை உருப்போடுவதினும் மிகுதியான பயன் விளையும்.

சேரன் எங்கே வந்தான்?

இனிச் சேரன் தீவுக்கு வருவோர் முதலில் நோக்கவேண்டியது எழுத்தை. அரபு மொழியில் இலங்கைக்கு வழங்கிய பெயர் சரந்தீப். அரபு எழுத்தில் நெட்டுயிருக்குத் தனி எழுத்து உண்டு, குற்றுயிருக்கு இல்லை. சரந்தீப் என்னும் பெயரில் 'தீ' என்பதன் நெடில் எழுதப்பட்டுள்ளது. முதலெழுத்தில் நெடில் எழுதப்படவில்லை. அஃதாவது அங்கு ஒலித்தது சகரக் குறிலே. சேரன் என்னும் பெயரின் 'சே' நெடில். அரபியர் சேரன் என்று கேட்டிருந்தால், அந்நெடிலைக் காட்ட அவர்களிடம் எழுத்து இல்லாமற் போகவில்லை. 1722இல் வந்த ஆங்கில நூலின் தலைப்பும் 'சரெண்டிப்' என்றே இருந்தது. 'செரண்டிப்' என்று எழுதியவர் வால்போல். அவர் அப்படி எழுதாமல் நூலில் உள்ளவாறே எழுதியிருந்தால், சேரன் நினைவு எவருக்கேனும் வந்திருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

அடுத்து நோக்கவேண்டியது காலத்தை. 'சேரநாட்டுத் துறைமுகங்களில் அரபியர் கேட்ட பெயர்' என்பது கூற்று. அரபு நூல்களில் சரந்தீப் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் காணப்படுகிறது. ஆனால் அதற்கு மிக முன்னரே, நான்காம் நூற்றாண்டில், அம்மியானுஸ் மார்செல்லினுஸ் என்னும் உரோம வரலாற்றாசிரியர் இலத்தீனில் 'செரெந்திவி' என்று அம்மக்களைக் குறித்துள்ளார். ஜூலியன் பேரரசனிடம் தூது அனுப்பியவர்களுள் அவர்களும் இருந்தனர் என்கிறார். எனவே அரபியர் இப்பெயரை முதன்முதல் கேட்டவர் அல்லர். சரி, உரோமரே முசிறியில் கேட்டனர் என்று கூறலாகாதா எனின், அங்கும் ஒரு தடை உண்டு. கிரேக்கரும் உரோமரும் சேரன் பெயரைக் கேட்டு எழுதிய வடிவங்கள் கிடைத்துள்ளன. தாலமி 'கேரோபொத்ரோஸ்' என்று எழுதினார். பிளினி 'கேலோபொத்ராஸ்' என்று எழுதினார். அசோகன் கல்வெட்டிலும் 'கேரளபுத்திரன்' என்பதன் வடிவமே காணப்படுகிறது. அக்கால அயலார் செவியில் சேரன் ககரத்தோடு விழுந்தான். அதே செவியில், தீவின் பெயரில் மட்டும் அவன் சகரத்தோடு விழுந்தான் என்பதற்குக் காரணம் காட்டவேண்டும்.

மூன்றாவது, தமிழ் நூல்களின் சான்று. இலங்கையைத் தமிழர் சேரன் தீவு என்று அழைத்திருப்பின், எங்கேனும் ஓரிடத்தில் அப்பெயர் இருத்தல் வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைக்கு உணவுப்பொருள் வந்தது ஈழத்திலிருந்து. திருப்பரங்குன்றத்துத் தமிழி எழுத்துப் பொறிப்பில் வருபவன் ஈழக்குடும்பிகன். சிலப்பதிகாரத்தில் கயவாகு ஆளும் நாடு இலங்கை. அவன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவுக்கு வேற்று நாட்டு வேந்தனாகவே வருகிறான். சேரன் தீவுக்கு மன்னனாயின் சேரனுக்கு அடங்கியவனாகவன்றோ இளங்கோ காட்டியிருப்பார்? மணிமேகலையில் இலங்காதீவமும் இரத்தினத் தீவமும் உண்டு. சமனொளி மலையும் உண்டு. சேரன் தீவு இல்லை. சேரர் புகழையே பாடப் பிறந்த பதிற்றுப்பத்திலும் இல்லை. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடலிடையே சென்று பகைவரின் கடம்பு மரத்தைத் தடிந்த செய்தியை இதற்குத் துணையாகக் கொணர்வோர் உளர். அப்பகைவர் இருந்த தீவு இலங்கை என்று பாட்டில் எங்கும் இல்லை. ஆராய்ந்தோர் பலரும் மேலைக் கடற்கரையையே சுட்டுகின்றனர். இலங்கையை வென்று ஆண்ட தமிழ் வேந்தர் சோழர். முதலாம் இராசராசன் காலத்தில் அங்கு வென்ற பகுதிக்கு மும்முடிச்சோழ மண்டலம் என்று பெயரும் சூட்டினர். வரலாறு இப்படியிருக்க, பெயர் வைக்கும் உரிமையை மட்டும் சேரனுக்குத் தருவது சோழனுக்குச் செய்யும் அநீதி!

பின், சரந்தீப் எதிலிருந்து வந்தது? வடமொழியில் சிம்ஹளத்வீபம், பாலியில் சீஹளதீபம். ஆறாம் நூற்றாண்டில் கடல் வணிகம் பற்றி எழுதிய காஸ்மாஸ் என்னும் கிரேக்கர், இந்தியர் அத்தீவைச் 'சியெலெதீபா' என்று அழைப்பதாக எழுதினார். இங்கு லகரம் கெடாமல் நிற்கிறது. சிலோன் என்னும் பெயரும் இதே வேரினது. லகரம் ரகரமாவது பாரசீகர் நாவுக்கு இயல்பு. பழம் பாரசீகக் கல்வெட்டில் பாபிலோன் நகரமே 'பாபிருஷ்' என்றுதான் பொறிக்கப்பட்டுள்ளது. பகரத்தில் வல்லொலி அரபியில் இல்லை. ஆதலின் தீபம் அங்கே மெல்லொலி பெற்றது. மூக்கொலி முன்னிருந்து பின்னுக்கு இடம் மாறியது என்று கொள்ளும் படி ஒன்றே மற்றவற்றைப் போல் வலிமையுடையதன்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்பது படிக்கட்டு உறுதியாக நிற்க ஒன்று சற்றே ஆடுவதற்கும், படிக்கட்டே இல்லாமல் மாடியைக் காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. பாரதியார் எடுத்தாண்ட சிங்களத்தீவு என்னும் தொடரே சரந்தீப்பின் நேர்ப் பொருள் என்று மாணவருக்குச் சொன்னால் போதும், எளிதில் விளங்கும்.

1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபின் பத்தூத்தா, தீவைச் சைலான் என்றும் மலையைச் சரந்தீப் மலை என்றும் இரு வடிவிலும் குறித்தார். அவரை வரவேற்று விருந்தளித்தவன் யாழ்ப்பாணத் தமிழ் மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி. அம்மன்னனுக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது என்றும் அவர் எழுதி வைத்தார். தமிழர் பெருமைக்குச் சான்று வேண்டுவோர் இதனை எடுத்துச் சொல்லலாமே. இது எழுத்தில் உள்ளது. எவராலும் மறுக்க இயலாது.

தமிழில் இருந்த ஒட்டகம்

பெயரில் இல்லாத தமிழ்த் தொடர்பு கதையில் இருக்கிறது. சேரனைத் தேடியோர் அதைக் காணவில்லை. நான்கு மந்திரி கதை என்றும் அலகேச கதை என்றும் தமிழ் நாட்டில் வழங்கும் கதைநூலைப் பழைய தலைமுறையினர் அறிவர். அவசரப்பட்டுத் தண்டம் விதிக்கலாகாது என்பதை விளக்க, நான்கு அமைச்சர் மாறி மாறிக் கதை சொல்வது அதன் அமைப்பு. அந்நால்வரும் அலகாபுரி அரசனிடம் அமைச்சரானது எப்படி? ஓர் ஒட்டகத்தால்தான். வணிகன் ஒருவன் ஒட்டகத்தைத் தொலைத்துத் தேடுகிறான். வழிப்போக்கராகிய நான்கு இளைஞர், 'ஒரு கால் நொண்டி, வலக்கண் குருடு, வால் குட்டை, வயிற்றில் நோய்' என்று ஆளுக்கொன்று சொல்கின்றனர். வணிகன் அரசனிடம் முறையிட, அவர்கள் கண்டதும் உணர்ந்ததும் விளக்கி, வழக்கில் தப்புவதோடு அமைச்சுப் பதவியும் பெறுகின்றனர். பண்டித நடேச சாஸ்திரியார் இதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கிளௌஸ்டன் என்பவர் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட கீழ்நாட்டுக் கதைத் தொகுதியிலும் அது இடம் பெற்றது. ஒட்டகம் தமிழுக்கு அந்நியம் என்று கருத வேண்டியதில்லை; தொல்காப்பிய மரபியலே அதன் இளமைப் பெயரைக் கூறுகிறது.

உடனே, 'தமிழ்க் கதையே மூலம். பாரசீகர் திருடிக்கொண்டனர்' என்று கிளம்பினால், சேரன் தீவிலிருந்து தப்பி வேறொரு தீவில் கரையேறியதாகும். ஒற்றைக்கண் ஒட்டகத்தின் கதை யூதர்களின் தல்மூது நூலிலும் உண்டு; அங்கு அதன்மேல் இருந்த சுமை ஒரு பக்கம் திராட்சைமது, ஒரு பக்கம் எண்ணெய். பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அரபு வரலாற்றாசிரியர் தபரியும், அவருக்குச் சற்றுப் பின் வந்த மஸ்ஊதியும் நிசார் என்பவனின் நான்கு மக்கள் பாலைவழியில் கண்ட ஒட்டகச் சுவடு பற்றி எழுதியுள்ளனர். கதைகளுக்குக் குடியுரிமைச் சீட்டு இல்லை. சந்தைக்குச் சந்தை, துறைக்குத் துறை அவை கைமாறின.

ஆயினும் ஒப்பிட்டு நோக்கின் ஓர் அரிய செய்தி புலப்படுகிறது. தமிழ்க் கதை இத்தாலியக் கதையைவிட அரபுக் கதைக்கே நெருங்கியது. இத்தாலியத்தில் மூவர்; அரபிலும் தமிழிலும் நால்வர். இத்தாலியத்தில் பல்லும் தேனும் வெண்ணெயும் பெண்ணும். அரபிலும் தமிழிலும் அவை இல்லை, வால்தான் உண்டு. அந்த வாலை அறிந்த வழியில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. அரபு நாட்டு இளைஞன் சாணம் ஒரே குவியலாகக் கிடப்பதைக் காண்கிறான். வால் இருந்தால் வீசிச் சிதறடித்திருக்கும் என்கிறான். தமிழ் நாட்டு இளைஞன் பாதையில் இரத்தத் துளிகளைக் காண்கிறான். கொசுவும் ஈயும் கடித்தபோது ஓட்டுவதற்குப் போதிய வால் இல்லை என்கிறான்.